ரெடிட்டில் நூலகருக்கு என்ன வேலை?

கேள்வி: ரெடிட், ஹேக்கர் நியூஸ் மாதிரி தளங்களை வேலை நேரத்தில் பார்த்தால் பொழுதுபோக்கு என்கிறார் மேலதிகாரி. இது நூலக வேலையில் சேருமா?

பதில்: தாராளமாகச் சேரும். நாளிதழ்ச் செய்தியை நறுக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை வேலை என்றுதானே சொல்கிறோம்? இங்கே மக்களே இணையப் பக்கங்களின் சுட்டிகளைக் கொண்டுவந்து போட்டு, வாக்களித்து மேலே ஏற்றுகிறார்கள். அதிலிருந்து பொறுக்குவது நம் பங்கு. 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து நூலக விதிகளில் நான்காவது. நீங்கள் அரை மணி நேரம் துழாவினால் உங்கள் வாசகர்கள் துழாவ வேண்டியதில்லை. முகப்புப் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், பொழுது போவதே தெரியாது. தேவையான நாலைந்து குழுக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாசகர் கேட்கும் சந்தேகத்துக்கு அங்கே இருக்கும் பதிலை அப்படியே சொல்லலாமா?

பதில்: கூடாது. நிறைய வாக்கு விழுந்தால் பலருக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெடிட்டில் சிலர் தாங்களே துப்புத் துலக்கக் கிளம்பி, காணாமற்போயிருந்த ஓர் அப்பாவி மாணவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பம் பட்ட வேதனையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ரெடிட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அதே ரெடிட்டில் 'ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ்' என்ற வரலாற்றுக் குழு இருக்கிறது. மேலோட்டமான பதிலை மட்டுறுத்துநர்கள், அதாவது குழுவை மேற்பார்வை செய்பவர்கள், நீக்கிவிடுவார்கள். ஆதாரம் கேட்டால் பதில் எழுதியவர் தந்தாக வேண்டும். அங்கே போனால் நான் முதலில் தேடுவது பதிலில் குறிப்பிட்ட நூல்களைத்தான். அவற்றில் ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால் எடுத்து, உரிய பக்கத்தைத் திறந்து வாசகர் கையில் கொடுங்கள். அதுதான் நாம் தரும் பதில்.

கேள்வி: "சின்ன வயதில் படித்த கதை, பேர் ஞாபகமில்லை" என்று வருகிறவர்களுக்கு இவை உதவுமா?

பதில்: ஆங்கில நூல் என்றால் 'வாட்ஸ் தட் புக்' குழுவில் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எந்த ஆண்டு படித்தது, அட்டை எப்படி இருந்தது, கதையில் நினைவிருக்கும் ஒரு காட்சி, இவ்வளவும் எழுதுங்கள். வாசகரின் பெயரோ ஊரோ அதில் வரவே கூடாது. பழைய தமிழ்ச் சிறுவர் கதை என்றால், தினமும் நூலகத்துக்கு வரும் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: திரட்டிய சுட்டிகளை அங்கேயே சேமித்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 2004இல் தொடங்கிய டிக், ஒரு காலத்தில் இந்த வகைத் தளங்களில் கொடிகட்டிப் பறந்தது. 2010இல் தளத்தை மாற்றியமைத்ததும் கூட்டம் ரெடிட் பக்கம் போய்விட்டது. ரெடிட்டிலும் 2023 ஜூனில் ஏபிஐ கட்டணத்தை, அதாவது வெளிச் செயலிகள் ரெடிட்டின் தரவைப் பெறுவதற்கான கட்டணத்தை, எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. அதனால் தலைப்பு, மூல முகவரி, பார்த்த தேதி மூன்றையும் நூலகக் கணினியில் ஒரு கோப்பில் குறித்துவையுங்கள். முக்கியமான பக்கம் என்றால் அப்போதே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்திலும் சேமித்துவிடுங்கள்.