வரிக் கேள்வி - பதில்: நிலுவை அறிவித்தல் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: சுன்னாகத்தில் கட்டடப் பொருட் கடை நடத்தி வருகிறேன். பிரதேச சபைக்குச் சோலைவரியும் வியாபார வரியும் ஆண்டுதோறும் தவறாமல் கட்டுவதால், வருமான வரி என்று வேறொன்று எனக்கு உண்டென நான் எண்ணவில்லை. இப்போது 2024/2025 மதிப்பீட்டு ஆண்டுக்கென ஒரு மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது. கனடாவிலுள்ள தம்பி வீடு கட்டுவதற்காக என் கணக்குக்கு அனுப்பிய பணத்தையும் கடை வருமானமாகச் சேர்த்துவிட்டார்கள் போலத் தெரிகிறது. கேட்டிருக்கும் தொகையை ஒரே தடவையில் கட்டவும் வசதியில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், சுன்னாகம்

பதில்: எல்லாவற்றுக்கும் முதலில், அந்த அறிவித்தல் உங்கள் கைக்குக் கிடைத்த நாளைக் குறித்து வையுங்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஒரு மதிப்பீட்டை ஏற்காதவர் அது தமக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள், தமது காரணங்களை விரிவாக எழுதி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கோரலாம். அதன் முடிவும் திருப்தி தராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு வரை செல்ல வழியுண்டு. ஆனால் அந்த 30 நாட்களை வீணாக்கிவிட்டால், பிழையான தொகையும் உங்கள் கடனாகவே நின்றுவிடக்கூடும். கடிதத்தை லாச்சிக்குள் வைத்துவிட்டு யாராவது தெரிந்தவரிடம் கேட்கலாம் என்று காத்திருப்பதே நம்மவர் பலருக்கு நேரும் பெரிய இழப்பு. மதிப்பீட்டில் பிழை இருப்பதைக் காட்டக்கூடிய ஆவணங்கள் வீட்டிலேயே இருந்தும், காலம் கடந்தபின் அவற்றை நீட்டிப் பயனில்லாமற் போவதைக் காண உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தம்பியின் பணத்தைப் பற்றி: குடும்பத்தவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் உங்கள் உழைப்பாலோ வியாபாரத்தாலோ வந்த வருமானமன்று. எனினும், விவரத்திரட்டு (ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டிக் கொடுக்கும் படிவம்) எதுவும் சமர்ப்பிக்காதவரின் வருமானத்தை அதிகாரி கையிலுள்ள தகவல்களைக் கொண்டுதான் கணிக்க முடியும். கடையின் விற்பனைப் பணமும் தம்பியின் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்திருந்தால், எது எதுவென்று பிரித்துக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு தொகைக்கும் வங்கியிடம் எழுத்தில் உறுதிப்படுத்தல் பெறுங்கள். தம்பியிடமிருந்து ஒரு கடிதம், வீட்டு வரைபட அனுமதி, கட்டடச் செலவுப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றையும் இணையுங்கள். பணம் வங்கியைத் தவிர்த்து உண்டியல் வழியாகக் கைமாறி வந்திருந்தால் காட்டுவதற்கு வங்கிச் சான்று எதுவும் இராது, வாதம் மிகவும் வலுவிழந்துவிடும். இனிமேலாவது கடைக்கும் வீட்டுக்கும் வெவ்வேறு கணக்குகள் வைத்திருங்கள்.

அடுத்து, விவரத்திரட்டைச் சமர்ப்பிப்பதும் வரியைச் செலுத்துவதும் இரு வேறு கடமைகள். ஒவ்வொன்றையும் தவறவிடுவதற்குத் தனித்தனித் தண்டம் உண்டு. கட்டப் பணமில்லை என்பதால் விவரத்திரட்டையும் நிறுத்தி வைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். கடையின் செலவு போக உங்கள் உண்மையான வருமானம் அந்த ஆண்டில் 30 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டுக்கான தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத தொகை, 12 இலட்சம் ரூபா. மிகுதி 18 இலட்சத்தில் முதல் 15 இலட்சத்தின் ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் முறையே 6, 12, 18 சதவீதமும், எஞ்சிய மூன்று இலட்சத்துக்கு 24 சதவீதமுமாக வரி 252,000 ரூபா வரும். அதைச் செலுத்தத் தவறியதற்கான தண்டம் 20 சதவீதம், அதாவது 50,400 ரூபா. நிலுவைக்கு மாதம் 1.5 சதவீத வட்டியும் ஏறும். விவரத்திரட்டைப் பிந்திச் சமர்ப்பித்ததற்கான தண்டமோ, வரியில் 5 சதவீதத்துடன் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதம், அல்லது 50,000 ரூபாவுடன் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபா, இவ்விரண்டில் எது பெரிதோ அது. அதன் உச்சவரம்பு 400,000 ரூபா. ஆகவே உங்களைப் போன்ற நடுத்தர வியாபாரி ஆறு மாதம் தாமதித்தால், ஒரு படிவத்தைக் கொடுக்காததற்காக மட்டும் 110,000 ரூபா கட்ட நேரிடும். வரியைக் கட்டாததற்கான தண்டத்தைவிட அது இரு மடங்குக்கும் மேல். கையில் ஒரு சதமும் இல்லாவிட்டாலும் விவரத்திரட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மீளாய்வுக் கோரிக்கையுடன் சரியான கணக்கையும் விவரத்திரட்டையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்களே ஒப்புக்கொள்ளும் பகுதியை உடனே கட்டத் தொடங்குங்கள். முடிவு வரும்வரை முழுத் தொகைக்கும் வட்டி ஏற விடாதீர்கள். மிகுதிக்குக் காலநீடிப்போ தவணை முறையோ தரும்படி, உங்கள் மாத வரவு செலவைக் காட்டி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். கட்ட முடியாத பெரிய தவணையை வாக்களித்து மூன்றாம் மாதமே தவறுவதைவிட, நிச்சயமாகக் கட்டக்கூடிய தொகையைக் கேட்பது நல்லது. எதற்கும் பதிலளிக்காமல் விட்டால், உங்கள் பணத்தை வைத்திருக்கும் வங்கிக்கே அறிவித்தல் அனுப்பி அதனை அறவிடும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள பிராந்திய அலுவலகத்துக்கு நேரிற் சென்று, கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

சோலைவரியும் வியாபார வரியும் பிரதேச சபையின் வருவாய். வருமான வரி மத்திய அரசுக்குரியது. ஒன்றைக் கட்டுவதால் மற்றையது தீராது. ஆனால் கடைக்காகக் கட்டிய அத்தகைய கொடுப்பனவுகளின் பற்றுச்சீட்டுகளைக் கணக்காளரிடம் காட்ட மறவாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வூதியத்துடன், நிலையான வைப்பின் வட்டியும் வருகிறது. எல்லாம் சேர்ந்தும் ஆண்டுக்கு 18 இலட்சத்தை எட்டாது. ஆனாலும் வங்கி வட்டியில் 10 சதவீதத்தைக் கழிக்கிறதே?
- வாசகி, கோண்டாவில்

பதில்: 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியிலிருந்து பிடிக்கப்படும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது, அதே நாளில் தனிநபர் நிவாரணமும் 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆகவே உங்கள் வரிக்குரிய வருமானம் நிவாரண எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்ற சுயவெளிப்படுத்தலை வங்கியிடம் கொடுத்தால் இனிக் கழிக்க மாட்டார்கள். ஏற்கெனவே கழித்ததை மீளப் பெற, வங்கியின் கழிவுச் சான்றிதழுடன் விவரத்திரட்டுச் சமர்ப்பித்துக் கோர வேண்டும். வைப்புகள் வெவ்வேறு வங்கிகளில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெளிப்படுத்தல் தேவை. எல்லாவற்றினதும் கூட்டுத்தொகையைப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் வேலை செய்கிறேன். சம்பளம் டொலரில் வங்கிக்கு வருகிறது. இதற்கும் வரி உண்டா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த இவ்வருமானத்துக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் உச்சமாக 15 சதவீத வரி உண்டு. 18 இலட்சம் நிவாரணம் போக எஞ்சும் தொகைக்கே அது. உங்களுக்காக எவரும் மாதாமாதம் கழித்துக் கட்டமாட்டார்கள் என்பதால், வரும் பணத்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு. ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்குரிய காலாண்டுத் தவணைகளை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் கட்ட வேண்டும். மிகுதியைச் செப்டெம்பர் 30 க்குள் செலுத்தி, விவரத்திரட்டை நவம்பர் 30 க்குள் சமர்ப்பிக்க வேண்டும். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இன்னும் எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எடுங்கள். விவரம் கேட்கத் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.