வாடகைக் காரில் போனபோது விழுந்த பார்க்கிங் அபராதம்: கேள்விகளும் பதில்களும்

புதுச்சேரியில் செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் 11 வருடமாக சலான் (போக்குவரத்து அபராதச் சீட்டு) கணக்கு என் பொறுப்பு. பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்பதால், எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு பிரான்ஸிலிருந்து கடிதம் வந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். வாடகைக் காரில் வாங்கிய பார்க்கிங் அபராதம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தாம்பரத்திலிருந்து: அக்கா, போன மாதம் செல்ஃப் டிரைவ் கார் எடுத்து புதுச்சேரி வந்தோம். மிஷன் வீதியில் சாப்பிட இறங்கியபோது நிறுத்தியதோடு சரி. இப்போது டெபாசிட்டில் 1,250 ரூபாய் பிடித்துவிட்டார்கள். ‘பார்க்கிங் ஃபைன்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. இவ்வளவா அபராதம்?

இல்லை தம்பி. அந்த ஒரு வரிக்குள் இரண்டு தொகை இருக்கிறது. நோ பார்க்கிங்குக்குப் பொதுவாகப் போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு. முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1,500. (2019 செப்டம்பர் 1 வரை இது 100, 300 என்றுதான் இருந்தது.) உங்களுடையது முதல் முறை என்றால் அரசுக்குப் போவது 500. மீதி 750 வாடகைக் கம்பெனியின் சேவைக் கட்டணமாக இருக்கும். அது நீங்கள் கையெழுத்துப் போட்ட, அல்லது போனில் ‘சம்மதம்’ என்று தட்டிவிட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே செல்லும். எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன் சலான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசின் பரிவாகன் இ-சலான் இணையத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுத் தேடினால் சேஸிஸ் எண்ணோ எஞ்சின் எண்ணோ கேட்கும், அது உங்களிடம் இருக்காது. சலான் எண் கையில் இருந்தால் தேதி, நேரம், இடம் எல்லாம் பார்த்துவிடலாம். போட்டோ இருந்தால் அதையும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நானே ஒரு வாடிக்கையாளரிடம் 500-உம் கட்டணமும் பிடித்துவிட்டேன். சலானில் நேரம் காலை 11.40. அந்தப் பையன் சாவி கொடுத்தது 10.15-க்கு. கொடுக்கும்போதே டாஷ்போர்டை ஒரு போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தான். ஓடிய கிலோமீட்டர், கடிகாரம், பின்னால் கண்ணாடி வழியே எங்கள் கடை போர்டு, மூன்றும் அதில் தெரிந்தன. விசாரித்தால், வாட்டர் வாஷுக்கு எடுத்துப் போன எங்கள் ஆள்தான் வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். பணத்தை அன்றே திருப்பி அனுப்பினேன். அந்த ஒரு போட்டோ இல்லையென்றால் அவன் பணம் போனது போனதுதான். நானும் சரியாகத்தான் பிடித்தேன் என்று இன்று வரை நினைத்துக்கொண்டிருப்பேன்.

திண்டிவனத்திலிருந்து: வண்டி கம்பெனி பெயரில் இருக்கிறது. சலானும் அவர்கள் பெயரில்தான் வரும். நான் ஏன் கட்ட வேண்டும்?

சலான் முதலில் உரிமையாளர் பெயரில் வருவது உண்மைதான். ஆனால் அன்றைக்கு யார் ஓட்டினார்கள் என்று போலீஸ் கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் கொடுக்க வேண்டிய கடமை 133ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு இருக்கிறது. வண்டி எடுக்கும்போது லைசென்ஸ் நகலை வாங்கி வைத்துக்கொள்வது அதற்காகவும்தான். இன்னொன்று, கேமராவில் பதிவான விதிமீறலுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சொல்கிறது. 2021இல் வந்த விதி அது. அதனால் ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து செய்தி வந்தால், அதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்டாதீர்கள்.

நெய்வேலியிலிருந்து: நேரு வீதியில் ஒரு கடைக்குள் போய்விட்டு வந்தால் சக்கரத்தில் பூட்டு. சிவப்புத் தொப்பி போட்ட காவலர் ஒருவரும் அருகில் இல்லை. மகன் கல்லை எடுத்துத் தட்டிப் பார்க்கலாமா என்றான். என்ன செய்திருக்க வேண்டும்?

நல்லவேளை தட்டவில்லை! நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கும் வண்டியைப் பூட்டவும் இழுத்துப் போகவும் 127ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. பூட்டை உடைத்தால் 500 ரூபாயோடு முடிகிற விஷயம் வேறு வழக்காகிவிடும். அலாய் வீலில் கீறல் விழுந்தால் வாடகைக் கம்பெனி கேட்கும் தொகை தனி. பூட்டிலோ கண்ணாடியிலோ எண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 112-க்குப் போன் போட்டு, எந்தப் போக்குவரத்துக் காவல் நிலையம் என்று கேளுங்கள். பூட்டு தெரியும்படி, அருகில் நோ பார்க்கிங் பலகை இருந்தால் அதுவும், இல்லையென்றால் பலகையே இல்லாத அந்தத் தெருவும் தெரியும்படி நான்கு போட்டோ எடுங்கள். பணம் கட்டியதும் ரசீது வாங்கி, அதன் படத்தை அந்த இடத்திலிருந்தே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு அதே சலானுக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைத்தால் காட்டுவதற்கு அந்த ரசீதுதான் இருக்கும்.

பெங்களூரிலிருந்து: கடற்கரைச் சாலை பக்கம் ரூம் போட்டிருக்கிறோம். ராத்திரி அங்கேயே காரை விடலாமா?

கூடாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. உள்வீதி ஏதாவதில் விடுங்கள். எந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று பலகை பார்த்து விடுங்கள்.

குருசுக்குப்பத்திலிருந்து, ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பத்துப் பெரியவர்: அம்மா, பேத்தி கல்யாணத்துக்கு பாரிஸ் போனபோது வாடகைக்குக் கார் எடுத்தோம். திரும்பி வந்ததும் ஏஜென்சி கார்டில் 40 யூரோ எடுத்துக்கொண்டது. அபராதம் கட்டியாகிவிட்டது என்று நினைத்தோம். இப்போது வீட்டுக்கே 135 யூரோ என்று கடிதம். இரண்டு தடவையா வாங்குவார்கள்?

இரண்டு தடவை இல்லை ஐயா. அந்த 40 யூரோ, ‘இன்னார்தான் ஓட்டினார்’ என்று உங்கள் பெயரை எழுதிக் கொடுத்ததற்கு ஏஜென்சி எடுத்த கட்டணம். அபராதம் இனிமேல்தான் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் இப்படி நினைத்துக் கடிதத்தை அலமாரியில் போட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். கெடு தாண்டியதும் தொகை ஏறிவிட்டது.

பிரான்ஸில் பார்க்கிங்குக்கு இரண்டு வழி உண்டு. நடைபாதை, சைக்கிள் பாதை, மாற்றுத்திறனாளி இடம் மாதிரியான இடங்களில் நிறுத்தினால் 135 யூரோ. அது போலீஸ் அபராதம். ஏஜென்சி உங்கள் பெயரைக் கொடுத்ததும் கடிதம் உங்கள் வீடு தேடி வரும். காசு கட்டி நிறுத்தும் இடத்தில் கட்டாமல் விட்டது வேறு விஷயம். 2018 ஜனவரி 1 முதல் அதற்குப் பெயர் ‘ஃபோர்ஃபே போஸ்த்-ஸ்தாசியோன்மோன்’. தொகையை அந்தந்த நகராட்சி வைக்கிறது. பாரிஸில் நடுவில் இருக்கும் 1 முதல் 11 வரையான வட்டாரங்களில் 75 யூரோ, மற்றவற்றில் 50. கனமான கார்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து இன்னும் கூடுதல். இதைப் பெரும்பாலும் ஏஜென்சியே கட்டிவிட்டு, கட்டணமும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கடிதம் முதல் வகை. கடிதத்தில் உள்ள எண்ணைப் போட்டு அரசுத் தளத்திலேயே கட்டலாம். வெளிநாட்டு கார்டும் எடுக்கும். அன்றைக்கு அந்த நேரத்தில் கார் உங்களிடம் இல்லை என்றால் கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கடிதத்தோடு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மறுப்புக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். நாள் கடத்தாதீர்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து: லண்டனில் படிக்கும் தம்பி, நண்பர்களோடு வாடகைக் காரில் போய் ஒரு சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் நேரம் தாண்டி நின்றுவிட்டான். 100 பவுண்ட் என்று கடிதம். போலீஸ் கேஸ் ஆகி விசா போய்விடுமா?

பயப்படாதீர்கள். கடிதத்தின் தலைப்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’ என்றால் உள்ளூர் கவுன்சில் அனுப்பியது. ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’ என்றால் தனியார் கம்பெனி அனுப்பியது. இரண்டையும் பிசிஎன் என்றுதான் சுருக்குவார்கள், குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது. சூப்பர் மார்க்கெட் என்றால் அநேகமாக இரண்டாவது. அது குற்ற வழக்கு இல்லை, பணத்துக்கான தகராறு. அதற்காகக் குப்பையில் போடவும் கூடாது, சிவில் கோர்ட்டுக்குப் போக அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

தம்பி பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்து, வேல்ஸில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகைக்கு எடுத்தவர் என்ற முறையில் அவனிடம் பணம் கேட்க வேண்டுமானால், வாடகை ஒப்பந்தத்தின் நகலையும், பொறுப்பேற்பதாக அவன் போட்ட கையெழுத்தின் நகலையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். பல கடிதங்களில் அது இருப்பதில்லை. இல்லையென்றால் அதையே காரணமாக எழுதி முறையிடலாம். முதலில் அந்தக் கம்பெனிக்கு, அவர்கள் மறுத்தால் கடிதத்தில் சொல்லியிருக்கும் சுயேச்சையான முறையீட்டு அமைப்புக்கு. வாடகைக் கம்பெனிக்கும் இன்றே மின்னஞ்சல் போகட்டும்: ‘நீங்களே கட்டிவிடாதீர்கள், பொறுப்பை என் பெயருக்கு மாற்றுங்கள்.’ அவர்கள் கட்டிவிட்டால் வாதாட எதுவும் மிஞ்சாது. நியாயமான அபராதம்தான் என்று தோன்றினால் 14 நாளுக்குள் கட்டச் சொல்லுங்கள், குறைந்த தொகையோடு முடியும்.

வில்லியனூரிலிருந்து: வாட்ஸ்அப்பில் சலான் வந்திருக்கிறது. கூடவே ‘ஆர்டிஓ சலான்’ என்று ஒரு ஏபிகே ஃபைல். திறக்கலாமா?

திறக்காதீர்கள். ஏபிகே என்றால் போனில் ஆப் ஏற்றும் ஃபைல், போனில் இருக்கும் வங்கிக் கணக்கைக் காலி செய்ய வந்தது அது. திறந்துவிட்டீர்கள் என்றால் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் உடனே பேசுங்கள்.

பாகூரிலிருந்து: தெரிந்தவர் சொந்தக் காரையே நாள் வாடகைக்குக் கொடுக்கிறார், விலையும் கம்மி. அதில் சலான் வந்தால்?

வெள்ளை நம்பர் பிளேட்டா? சலானை விடுங்கள், வேண்டாம் தம்பி. செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த காரை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும்.

அரியாங்குப்பத்திலிருந்து: டிரைவரோடு டாக்ஸி எடுத்தோம். மணக்குள விநாயகர் கோவிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியதற்கு வந்த 500-ஐ டிரைவர் எங்களிடம் கேட்கிறார்.

சட்டப்படி ஓட்டியவர் பொறுப்பு. ஆனால் ‘அம்மாவுக்கு நடக்க முடியாது, இங்கேயே நில்லுங்கள்’ என்று நீங்கள் சொல்லி அவர் நின்றிருந்தால், நீங்கள் கொடுப்பதுதான் முறை. அவருடைய ஒரு நாள் கூலியில் பெரும்பங்கு அது.

ஊர் எழுதவில்லை: நெஞ்சுவலி என்று அப்பாவை வாடகைக் காரில் கொண்டு போனேன். மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மறுநாள் சலான். இதற்கும் கட்டத்தான் வேண்டுமா?

மருத்துவமனை வாசலை மறித்து நிறுத்தக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் விதிகளிலேயே இருக்கிறது. அடுத்த ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டுமே. ஆனாலும் உங்கள் நிலைமையைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. இணையத்தில் கட்டினால் அதோடு முடிந்தது. கட்டாமல், மறுத்து முறையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவசரப் பிரிவில் கொடுத்த சீட்டில் தேதியும் நேரமும் இருக்கும். அதையும் சலானையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள், அபராதம் போடுவதா வேண்டாமா என்பது முறையீட்டைக் கேட்பவர் கையில். வாடகைக் கம்பெனிக்கும் அந்தச் சீட்டின் படத்தை அனுப்பி, அதுவரை டெபாசிட்டில் கை வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். எங்களிடம் இப்படி வந்தால் நான் நிறுத்தி வைப்பேன்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள்.