கம்பைலர் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்: டி மொழி கேள்வி-பதில்

சேலம் மாவட்டத்து ஊர்களிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் டி என்னும் நிரல் மொழி குறித்து வந்த கேள்விகளில், கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவமாக மாற்றும் மென்பொருள்) பிழை காட்டி நிறுத்திய நிரல்களைவிட, அது ஒரு குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, ஓடும்போது தவறான விடை தந்த நிரல்களே இம்முறை மிகுதி. ஆகவே அவற்றுக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கியும், நிரல் வரிகளைச் சொற்களில் விளக்கியும் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் வாசகர்: ஐயா, நாள்தோறும் பட்டறைக்கு வரும் கொலுசு ஜோடிகளின் எண்ணிக்கையையும் எடையையும் கூட்டும் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். எண்ணிக்கை சரியாக வருகிறது. எடையின் கூட்டுத்தொகை வரவேண்டிய இடத்தில் மட்டும் 'என்ஏஎன்' என்று அச்சாகிறது. இரண்டு மாறிகளையும் ஒரே மாதிரிதான் அறிவித்தேன். தராசிலிருந்து வரும் கோப்பில் பழுது இருக்குமா?

கோப்பில் பழுதில்லை. எண்ணிக்கையை முழு எண்ணுக்கான 'இன்ட்' வகையிலும் எடையைப் பின்ன எண்ணுக்கான 'டபுள்' வகையிலும் அறிவித்து, இரண்டுக்கும் தொடக்க மதிப்புக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். டி மொழியில் தொடக்க மதிப்பு தரப்படாத மாறி எதுவும் குப்பை மதிப்போடு இருப்பதில்லை. ஒவ்வொரு வகைக்கும் மொழியே ஒரு மதிப்பை வைத்திருக்கிறது. 'இன்ட்' வகைக்கு அது 0. 'டபுள்', 'ஃப்ளோட்' ஆகியவற்றுக்கு அது 'எண் அல்லாதது' என்னும் தனி மதிப்பு; அச்சான 'என்ஏஎன்' அதுதான். அதனோடு எதைக் கூட்டினாலும் விடை அதுவாகவே இருக்கும் என்பதால், முதல் ஜோடியின் எடையைக் கூட்டும்போதே உங்கள் கணக்கு கெட்டுவிட்டது.

இது மறதியால் நேர்ந்த ஏற்பாடன்று. இம்மொழியை உருவாக்கி 2001-இல் வெளியிட்ட வால்டர் பிரைட், தொடக்க மதிப்புத் தர மறந்த மாறி தன்னைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கருதியே இவ்வாறு அமைத்தார். எழுத்துக்கான 'சார்' வகையின் தொடக்க மதிப்பு 255 என்பதும் இக்காரணத்தால்தான். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அந்த பைட் எங்கும் வரக்கூடாதது. முழு எண்களில் மட்டும் 'இது செல்லாது' என்று ஒதுக்கிவைக்க ஒரு மதிப்பும் மிச்சமில்லாததால் 0 வைக்கப்பட்டது. உங்கள் எண்ணிக்கை சரியாக வந்தது அதனால்தான்.

எடை மாறியை அறிவிக்கும் வரியிலேயே 0 கொடுத்துவிடுங்கள். இந்த மதிப்பு வந்துவிட்டதா என்று சோதிக்கும்போது இரட்டைச் சமக்குறியைப் பயன்படுத்தாதீர்கள். எண் அல்லாதது தனக்குத்தானேகூடச் சமமாகாது. அதற்கு எஸ்டிடி.மேத் என்னும் நூலகப் பகுதியில் (மாட்யூலில்) 'இஸ்நேன்' என்னும் ஃபங்ஷன் இருக்கிறது. கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: வெள்ளியின் எடையை மில்லிகிராமாக 'லாங்' என்னும் பெரிய முழு எண் வகையில் வைத்துக்கொண்டால், பின்னக் கணக்கில் கடைசி இலக்கம் பிசகி, எடைச் சீட்டும் பேரேடும் ஒத்துப்போகாத தொல்லை உங்களுக்கு வராது.

ஏற்காடு, காப்பித்தூள் பொட்டலமிட்டு விற்கும் வாசகி: பொட்டலச் சீட்டில் பெயருக்கு 20 எழுத்து இடம்தான் உண்டு. பெயரின் தொடக்கத்திலிருந்து 20 வரை வெட்டி எடுத்தால், 'ஏற்காடு காப்பித்தூள்' என்பது 'ஏற்காட' என்று முடிந்து, அதன்பின் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வருகிறது. சில பெயர்களுக்கு நிரல் நின்றே விடுகிறது. ஆங்கிலப் பெயர்களில் இந்தச் சிக்கல் இல்லை.

டி மொழியில் 'ஸ்ட்ரிங்' என்பது மாற்றவியலாத 'சார்' அணி, அதாவது 'சார்' மதிப்புகளின் வரிசை. அதன் ஒவ்வோர் இடமும் ஒரு பைட். நீளத்தைக் கேட்டாலும், இரண்டு எண்களுக்கிடையே வெட்டினாலும், மொழி பைட்டுகளையே எண்ணுகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் தமிழுக்குரிய குறிகள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுத்துக்கொள்கின்றன. 'ஏற்காடு' என்பதில் ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என 7 குறிகள் இருப்பதால் மொத்தம் 21 பைட். நீங்கள் 20-இல் வெட்டியபோது ஆறு குறிகள் 18 பைட்டில் முழுதாக வந்து, ஏழாவதான உகரக் குறியில் இரண்டு பைட் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்த அரைகுறைத் துண்டைத் திரையிடும் மென்பொருள் கட்டமாகக் காட்டுகிறது. அதை எழுத்தாகப் படிக்க முயலும் நூலக ஃபங்ஷன் 'செல்லாத யூடிஎஃப்-8' என்று விதிவிலக்கை எறிந்து நின்றுவிடுகிறது.

இதைக் கேட்டதும் சிலர் 'வாக்லெங்த்' என்னும் ஃபங்ஷனைப் பரிந்துரைப்பார்கள். அது 7 என்று சொல்லும், ஏனெனில் டி மொழியின் நூலகமான ஃபோபோஸ், ஸ்ட்ரிங்கை வரிசையாக நடக்கும்போது பைட்டுகளைத் தானாகவே குறிகளாக்கித் தருகிறது. இந்தத் தானியங்கிப் பழக்கம் வேகத்தையும் குறைத்து முழுப்பயனும் தராததால், மொழியை வடிவமைத்தவர்களே வருந்திய ஏற்பாடுகளில் ஒன்றாகிவிட்டது. தமிழைப் பொறுத்தவரை குறிகளை எண்ணுவதும் பிழைதான். 'டு' என்பதிலிருந்து உகரத்தை மட்டும் வெட்டி எறிய அது தடை சொல்லாது.

நீங்கள் நாட வேண்டியது எஸ்டிடி.யூனி மாட்யூலில் உள்ள 'பைகிராஃபீம்'. அது உயிர்மெய்யையும் புள்ளி வைத்த மெய்யையும் ஒரே அலகாகச் சேர்த்துத் தருவதால், 'ஏற்காடு' என்பது ஏ, ற், கா, டு என்று நான்காகும். பெயரை அதன் வழியே செலுத்தி, 'டேக்' கொண்டு 20 அலகுகளை எடுத்து, 'பைகோட்பாயின்ட்' வழியாக மீண்டும் குறிகளாக்கி, 'டெக்ஸ்ட்' கொண்டு ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதிலும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். யூனிகோடு விதிப்படி 'ஸ்ரீ' என்பது 'ஸ்', 'ரீ' என இரண்டு அலகு. 'க்ஷ' என்பதும் இரண்டு. கடைப்பெயர்களில் 'ஸ்ரீ' இல்லாத தெரு சேலத்தில் இல்லை என்பதால், வெட்டும் இடம் அதன் நடுவே விழுகிறதா என்று நீங்களே ஒரு சோதனை வைக்க வேண்டும். மற்றொன்று, ஒரே எழுத்து இருவகையாகச் சேமிக்கப்படுவது. 'கொ' என்பதில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டையும் சமக்குறியால் ஒப்பிட்டால் வேறு வேறு என்றே விடை வரும். பெயரைத் திறவுகோலாக வைத்த அட்டவணையில் ஒரே சரக்கு இரண்டு வரியில் நிற்கும். உள்ளே வரும் பெயர்களை எல்லாம் அதே மாட்யூலின் 'நார்மலைஸ்' ஃபங்ஷனில் என்எஃப்சி என்னும் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் 'கௌ' எழுதுவதற்கு ஔகாரக் குறியை இடாமல், கொம்புக்குப் பின் 'ள' எழுத்தைத் தட்டியவர்களின் பிழையை அது திருத்தாது. அது வேறு சொல்லாகவே நிற்கும்.

அச்சுக்கு ஒரு சொல். 'ணௌ' அடைக்கும் அகலமும் 'ர' அடைக்கும் அகலமும் ஒன்றல்ல. சீட்டில் இடம் உண்மையிலேயே நெருக்கடியானால், எழுத்தை எண்ணுவதைவிட எழுத்துருவில் அகலத்தை அளப்பதே சரியான வழி.

ஓமலூர், பொறியியல் மாணவர்: அணியில் அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளை ஒப்பிடும் சுற்றில், ஐ என்னும் எண்ணும் மாறிக்கு 'ஐ, நீளம் கழித்தல் 1-ஐவிடக் குறைவு' என்று நிபந்தனை வைத்தேன். அணி காலியாக இருந்தால் சுற்று ஓடவே கூடாது. ஆனால் எல்லை மீறல் என்று நிற்கிறது.

அணியின் நீளம் குறியற்ற முழு எண், அதாவது எதிர்மறை மதிப்பே இல்லாதது. 64 பிட் கணினியில் 0-விலிருந்து 1-ஐக் கழித்தால் -1 வராது, 18446744073709551615 வரும். 0 அதைவிடக் குறைவுதான் என்பதால் சுற்று உள்ளே நுழைந்துவிடுகிறது. கழித்தலைக் கூட்டலாக்கி, 'ஐ கூட்டல் 1, நீளத்தைவிடக் குறைவு' என்று எழுதுங்கள். இதே காரணத்தால், 'இன்ட்' மாறி ஒன்றில் -1 இருக்கும்போது அது நீளத்தைவிடக் குறைவா என்று கேட்டாலும் 'இல்லை' என்றே விடை வரும். தேடியது கிடைக்காவிட்டால் -1 தரும் 'கவுன்ட்அன்டில்' போன்றவற்றைப் பயன்படுத்துவோர், கிடைத்ததா என்பதை முதலில் தனியாகச் சோதித்துவிட வேண்டும். சி மொழியில் எழுதிய கணக்குக் கோவையை அப்படியே டி மொழியில் இட்டால் அதே விடை வரவேண்டும் அல்லது பிழையாக வேண்டும் என்ற கொள்கையோடு வந்த சுமை இது. கம்பைலர் இங்கே எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலையின் கணினிப் பணியாளர்: மூட்டை எண்ணும் நிரல் சோதனையில் சரியாக ஓடியது. வேகத்துக்காக, டி நிரல்களைக் கட்டித் தரும் டப் கருவியில் ரிலீஸ் கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது மூட்டை எண்ணிக்கை 0-விலேயே நிற்கிறது. கம்பைலரின் வேகமூட்டலில் பிழை என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நிரலில், எண்ணிக்கையைக் கூட்டும் ஃபங்ஷனை 'அஸர்ட்' என்னும் சோதனைக் கூற்றின் அடைப்புக்குள்ளேயே அழைத்து, அது வெற்றி பெற்றதா என்று சோதித்திருக்கிறீர்கள். ரிலீஸ் கட்டமைப்பு '-ரிலீஸ்' என்னும் தேர்வைக் கம்பைலருக்குக் கொடுக்கிறது. அத்தேர்வு அஸர்ட்டுகளையும், ஃபங்ஷன்களின் முன்நிபந்தனை பின்நிபந்தனைகளையும் நீக்கிவிடும். அணியின் எல்லைச் சோதனையை 'சேஃப்' என்று குறித்த ஃபங்ஷன்களில் மட்டும் விட்டுவைக்கும். அஸர்ட் நீங்கியபோது அதன் வயிற்றுக்குள் இருந்த உங்கள் கூட்டலும் சேர்ந்தே போயிற்று. அழைப்பைத் தனி வரியில் செய்து, விடையை ஒரு மாறியில் வாங்கி, அந்த மாறியைச் சோதியுங்கள்.

அஸர்ட் என்பது நிரலாளரின் தவறைப் பிடிப்பதற்கு. தராசு இணைப்பு அறுந்தது, கோப்பு திறக்கவில்லை என்பன போன்ற வெளியுலகக் கோளாறுகளுக்கு எஸ்டிடி.எக்ஸெப்ஷன் மாட்யூலில் உள்ள 'என்ஃபோர்ஸ்' இருக்கிறது; அது எந்தக் கட்டமைப்பிலும் நீங்காது. அதைவிட முக்கியமாக, ஆலையில் ஓடும் நிரலுக்கு '-ரிலீஸ்' தேவையா என்று யோசியுங்கள். மூட்டைகளை எண்ணுவதில் சில மைக்ரோ வினாடிகள் மிச்சமாவதால் யாருக்கும் ஆதாயமில்லை. வேகமூட்டலை மட்டும் '-ஓ' தேர்வால் பெற்றுக்கொண்டு சோதனைகளை அப்படியே வைத்திருப்பதே நான் சொல்லும் வழி.

நாகலூர், தோட்டங்களின் மழையளவுப் பதிவுகளைத் தொகுப்பவர்: பல ஆண்டுக் கோப்புகளை ஒரே நேரத்தில் படிக்க 'பேரலல்' சுற்றைப் பயன்படுத்தினேன். மொத்த மழையளவை மாட்யூலின் மேல்மட்டத்தில் 0 என்று அறிவித்த மாறியில் கூட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருகிறது. எல்லாமே உண்மையான அளவைவிடக் குறைவு.

டி மொழியின் இரண்டாம் பதிப்பில் மாட்யூல் மட்டத்து மாறிகள் த்ரெட்டுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைக்கு) ஒன்றாகப் பிரிந்திருப்பவை. உங்கள் கணினியில் எத்தனை த்ரெட்டுகள் வேலை செய்தனவோ அத்தனை மொத்தங்கள் தனித்தனியே கூடியிருக்கின்றன. முதன்மை த்ரெட்டும் சுற்றில் பங்கெடுப்பதால், அது தன் பங்குக்குப் படித்த கோப்புகளின் மழையை மட்டும் நீங்கள் இறுதியில் அச்சிடுகிறீர்கள். எந்தக் கோப்பு யாருக்குப் போயிற்று என்பது ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறும், விடையும் மாறும்.

மாறியின் முன் 'ஜிஷேர்ட்' என்பதை இரட்டை அடிக்கோட்டோடு சேர்த்தால் எல்லாரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள். ஆனால் இருவர் ஒரே கணத்தில் கூட்டினால் ஒருவரின் மழை காணாமல் போகும். பிழை அரிதாகி, கண்டுபிடிக்க இன்னும் கடினமாகும். 'ஷேர்ட்' என்று அறிவித்து இடையில் வேறு த்ரெட் குறுக்கிடவிடாத 'அட்டாமிக்ஆப்' கொண்டு கூட்டுவது சரியான விடை தரும். இந்த வேலைக்கு எளியது 'டாஸ்க்பூல்' தரும் 'ரெட்யூஸ்': கோப்பைப் படித்து அதன் மொத்தத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதி, கூட்டலை அதனிடம் விட்டுவிடுங்கள். கூட்டும் வரிசை மாறுவதால் பின்னத்தின் கடைசி இலக்கங்கள் சற்று வேறுபடலாம். மழையளவுக்கு அது பொருட்டல்ல.

அம்மாபேட்டை வாசகர்: நிரலை இரண்டு கோப்புகளாகப் பிரித்ததும் கம்பைல் ஆகிறது, ஆனால் இறுதியில் 'வரையறுக்கப்படாத குறியீடு' என்று பிழை வருகிறது.

அந்தப் பிழை, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருடையது. இம்போர்ட் வரி, மற்றக் கோப்பில் என்ன இருக்கிறது என்பதைக் கம்பைலருக்குக் காட்டுகிறதே தவிர, அதையும் சேர்த்துக் கம்பைல் செய்யச் சொல்வதில்லை. கட்டளையில் இரண்டு கோப்புகளின் பெயரையும் கொடுங்கள். அல்லது '-ஐ' தேர்வைச் சேருங்கள்.

அஸ்தம்பட்டி மாணவி: டிஎம்டி, எல்டிசி, ஜிடிசி ஆகிய டி கம்பைலர்களில் எதை நிறுவுவது?

கற்கும்போது டிஎம்டி, அது மிக விரைவாகக் கம்பைல் செய்யும். கணக்கு மிகுந்த நிரலை வேகமாக ஓட்ட, எல்எல்விஎம் என்னும் கம்பைலர் அடித்தளத்தில் அமைந்த எல்டிசி. ஜிடிசி, 2019-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசி என்னும் கம்பைலர் தொகுப்பிலேயே இடம்பெறுகிறது. மூன்றுக்கும் மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் முன்பகுதி ஒன்றே. ஆகவே ஒன்றில் ஓடும் நிரல் மற்றொன்றில் பிழை காட்டினால், அவை எடுத்துக்கொண்ட முன்பகுதியின் பதிப்பு எது என்பதை முதலில் பாருங்கள்.

மேட்டூர் வாசகர்: கம்பைல் செய்யும்போதே ஒரு பெரிய அட்டவணையைக் கணக்கிட்டு வைக்க முயன்றேன். 2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் கம்பைலரே செத்துவிடுகிறது. இதைப் பிழையாக எப்படித் தெரிவிப்பது?

தெரிவிப்பதற்கு முன் '-லோமெம்' தேர்வோடு ஒருமுறை முயலுங்கள். டிஎம்டி வேகத்துக்காக, எடுத்த நினைவகத்தை வேலை முடியும்வரை திருப்பித் தருவதில்லை. கம்பைல் நேரத்தில் நடக்கும் கணக்கில் ஒவ்வோர் இடைமதிப்பும் சேர்ந்துகொண்டே போகும். இந்தத் தேர்வு கம்பைலருக்குள்ளேயே, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பானை இயக்கும். நேரம் கூடும், நினைவகம் குறையும். சுற்றுக்குள் அணியை ஒவ்வொன்றாக நீட்டாமல், முன்பே முழு நீளத்தில் அமைத்துக்கொண்டு நிரப்பினாலும் சுமை குறையும்.

அதன் பிறகும் கம்பைலர் உள்பிழை காட்டி நின்றால், அது உண்மையான கம்பைலர் பிழைதான். ஆயிரம் வரி நிரலை அப்படியே அனுப்பினால் பார்ப்பவருக்கு நேரம் இராது. டி கருவிகளுள் ஒன்றான டஸ்ட்மைட்டுக்கு, நிரல் இருக்கும் கோப்புறையையும், பிழை இன்னும் வருகிறதா என்று சோதிக்கும் ஒரு கட்டளையையும் கொடுங்கள். அது நிரலைத் துண்டு துண்டாக நீக்கிப் பார்த்து, பிழைக்குத் தேவையான சில வரிகளை மட்டும் மிச்சம் வைக்கும். சோதனைக் கட்டளை அதே பிழைச் செய்தியைத் தேடுமாறு அமையட்டும். 'ஏதாவது பிழை' என்று விட்டால், அது ஓர் அரைப்புள்ளியை நீக்கிவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்லிவிடும்.