வாசகர் கேள்வி பதில்: கையெழுத்துப் போடுமுன்

சிங்கப்பூரில் பல்கலைக்கழக வளாகங்களைச் சார்ந்து இயங்கும் சமூக நீதி அமைப்புகள் இப்போது தங்கள் நிர்வாகக் குழுவில் மாணவர்களையும் சேர்க்கின்றன. அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே. பலர் பெயர் வேண்டாம் என்றதால் வட்டாரத்தை மட்டும் தந்திருக்கிறோம்.

வெளிநாட்டு ஊழியர்களின் சம்பளப் பாக்கி விவகாரங்களில் உதவும் ஓர் அமைப்பில் தொண்டூழியம் செய்கிறேன். "மாணவர் பிரதிநிதியாக வாரியத்துக்கு வாங்க" என்கிறார்கள். எனக்கு வயது 20. சேரலாமா?
(மாணவி, கிளமெண்டி)

சேரலாம். ஆனால் சரி என்று சொல்லுமுன், அந்த அமைப்பு சட்டப்படி என்ன வகை என்று கேளுங்கள். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

அது பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றங்களில் ஒன்று என்றால், பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணக்கு வழியாகவே போய்வரும், விதிகளும் பல்கலைக்கழகத்துடையவை. உங்கள் பொறுப்பு ஓரளவோடு நின்றுவிடும். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவான சங்கம் என்றால் நிலைமை வேறு. குறைந்தது பத்துப் பேர் சேர்ந்து பதிவு செய்வது அது. மனித உரிமை, குடிமை உரிமை, அரசியல் உரிமை போன்றவற்றைப் பேசும் சங்கங்கள் சட்டத்தின் அட்டவணையில் தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. அவற்றுக்குத் தானியங்கிப் பதிவு கிடையாது. பதிவாளர் பரிசீலித்துத்தான் அனுமதி தருவார். "பதிவு ஆகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வேலையை ஆரம்பியுங்கள்" என்று யாராவது சொன்னால் ஆரம்பிக்காதீர்கள்.

மூன்றாவது வகை, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனம்: பங்குகள் இல்லாமல், உறுப்பினர்கள் ஒரு தொகைக்கு மட்டும் உறுதி தந்து அமைப்பது. சுருக்கமாக சிஎல்ஜி என்பார்கள். இதில் வாரியத்தில் உட்காருபவர் நிறுவனச் சட்டப்படி இயக்குநர். வயது 18 ஆகியிருந்தால் போதும், ஆகவே உங்களுக்குத் தடையில்லை. இயக்குநராகச் சம்மதம் தெரிவிக்கும் படிவம் 45ஐ உங்களிடம் நீட்டினால், உங்களை என்ன பெயரில் அழைத்தாலும் நீங்கள் முழு இயக்குநர்தான். படிவமே நீட்டாமல் இயக்குநர் செய்யும் வேலையை எல்லாம் செய்யச் சொன்னாலும் சட்டம் உங்களை இயக்குநராகக் கருத இடமுண்டு. "சும்மா மாணவர் பிரதிநிதிதான்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

கையெழுத்துக்கு முன் 5 வெள்ளி 50 காசு செலவு செய்து நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் அந்நிறுவனத்தின் விவரக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். இயக்குநர்கள் யார், செயலாளர் யார், கடைசியாக எப்போது ஆண்டறிக்கை தாக்கல் ஆனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அறநிறுவனமாகவும் பதிவாகியிருந்தால் அறநிறுவன இணையவாசலில் கணக்குச் சுருக்கத்தைக் காசில்லாமலே பார்க்கலாம். பிறகு அமைப்பிடம் நான்கு தாள்கள் கேளுங்கள்: அமைப்பு விதிகள், கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்புகள், சென்ற ஆண்டுக் கணக்கு, உங்களுக்கு வாக்கு உண்டா இல்லையா என்று எழுதிய நியமனக் கடிதம். கூட்டக் குறிப்பைக் கேட்டதும் "தேடிப் பார்க்கிறோம்" என்ற பதில் வந்தால், அதுவே ஒரு தகவல்.

தயக்கம் இருந்தால் முதல் ஆறு மாதம் வாக்கில்லாத பார்வையாளராக உட்காருகிறேன் என்று கேளுங்கள். நல்ல அமைப்பு மறுக்காது.

என் மகள் ஒரு மாணவர் சங்கத்தில் பொருளாளர். சங்கம் கடன்பட்டால் அவள் கட்ட வேண்டி வருமா?
(தாயார், ஈசூன்)

சிஎல்ஜி என்றால் நிறுவனத்தின் கடன் நிறுவனத்துடையது. அது கலைக்கப்படும்போது உறுப்பினர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையை, பெரும்பாலும் பெயரளவுத் தொகையை, மட்டும் தர வேண்டும். பதிவான சங்கத்தைச் சட்டம் இப்படி உறுப்பினர்களிடமிருந்து தனி ஆளாகப் பார்ப்பதில்லை. மண்டப வாடகைக்கோ பேருந்துக்கோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், அதற்கு ஒப்புதல் தந்த செயற்குழுவினர் ஆகியோரிடம் கடன்காரர் வர முடியும். எனவே உங்கள் மகள் எந்த ஒப்பந்தத்திலும் தன் பெயரில் மட்டும் கையெழுத்திட வேண்டாம். கையில் பணம் இருப்பதைப் பார்த்துக் குழு தீர்மானம் நிறைவேற்றி, அது குறிப்பில் ஏறிய பிறகே கையெழுத்து.

சிஎல்ஜியிலும் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர் இருந்தாலே, அவருடைய கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்குச் சந்தா கட்டும் கடமை வந்துவிடுகிறது. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். கட்டாமல் விட்டால் பொறுப்பாளர்கள் மேலேயே வழக்கு வரலாம். இயக்குநர் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

கணக்குத் தாளைக் கையில் தந்துவிட்டு "ஏதாவது கேள்வி உண்டா?" என்கிறார்கள். நான் படிப்பது சமூகவியல். எதைப் பார்ப்பது?
(மாணவர், தெம்பனிஸ்)

வங்கியில் இருப்பதாகக் காட்டும் தொகையை முதலில் நம்பாதீர்கள். அது முழுவதும் அமைப்பின் இஷ்டத்துக்குச் செலவழிக்கும் பணம் அல்ல.

தாளில் வங்கி இருப்பு 48,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் 30,000 வெள்ளி, காயமடைந்த ஊழியர்களின் பல் சிகிச்சைக்கென்றே ஒரு நிதியம் தந்தது. அதை வாடகைக்கோ சம்பளத்துக்கோ தொடக் கூடாது. இன்னொரு 6,000 வெள்ளி வந்துவிட்ட, ஆனால் இன்னும் கட்டாத பில்கள். மிச்சம் 12,000. மாத நிர்வாகச் செலவு 4,000 என்றால் அமைப்புக்கு மூன்று மாத மூச்சுதான் இருக்கிறது. "48,000 இருக்கிறதே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகும் வாரியங்கள், நான்காவது மாதம் பல் சிகிச்சைப் பணத்திலிருந்து "தற்காலிகமாக" எடுக்கின்றன. பெரும்பாலும் யாரும் திருட நினைப்பதில்லை; பிரித்துப் பார்க்காததுதான் காரணம். ஆனால் நன்கொடையாளரின் நிபந்தனையை மீறியது மீறியதுதான்.

எனவே ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்றே கேள்விகள் கேளுங்கள். நிபந்தனைப் பணம் எவ்வளவு? அதைக் கழித்தால் எத்தனை மாதம் தாங்கும்? வங்கி அறிக்கையோடு இந்தத் தாளை ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் பணம் அனுப்புபவரின் பெயராகவே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இணைய வங்கியில் ஒருவர் பதிந்து, இன்னொருவர் ஒப்புதல் தரும் ஏற்பாடு பெரும்பாலான வங்கிகளில் உண்டு. கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை. கேட்க வெட்கப்படாதவராக இருந்தால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் கணக்குத் தாக்கல் தாமதமாகிறது. பழைய பொருளாளர் படிப்பு முடித்துப் போய்விடுகிறார், புதியவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
(செயலாளர், ஜூரோங் வெஸ்ட்)

ஆட்களைக் குறை சொல்லுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். உங்கள் நிதியாண்டு மார்ச் 31ல் முடிகிறதா? அப்படியானால் கணக்கை மூட வேண்டிய ஏப்ரல், மே மாதங்களில் பொருளாளர் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார். அது முடிந்ததும் வேலைப் பயிற்சி, பட்டமளிப்பு. ஆகஸ்டில் புதிய குழு வரும். அறநிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், ஆண்டறிக்கையும் கணக்கும் தர வேண்டும். பை நிறைய ரசீதுகளோடு முன்பின் தெரியாத ஒருவர் செப்டம்பரில் திண்டாடுவதுதான் நீங்கள் ஆண்டுதோறும் பார்ப்பது.

நிதியாண்டை டிசம்பர் 31க்கு மாற்றுங்கள் என்பதே எங்கள் யோசனை. இரண்டாம் பருவம் தொடங்கும் ஜனவரியில், செலவு செய்த அதே ஆள் இருக்கும்போதே கணக்கை மூடிவிடலாம். தணிக்கையோ கணக்குப் பரிசோதனையோ பிப்ரவரியில். மார்ச்சில் ஆண்டுக் கூட்டம். ஜூன் 30 கெடு வரும்போது வேலை முடிந்திருக்கும். சிஎல்ஜியாக இருந்தால் அக்ராவுக்கான ஆண்டறிக்கைக்கு ஜூலை 31 வரை இருக்கிறது. மாற்றுவதற்கு விதிகளில் திருத்தம் தேவைப்படலாம். ஒரு பொதுக்கூட்டத் தீர்மானம் போதுமா, பதிவாளரின் ஒப்புதலும் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

பொறுப்பு மாறும் மாதத்தில் வழக்கமாக விட்டுப்போவது இவை: வங்கிக் கையெழுத்து அதிகாரம், அரசாங்க இணையச் சேவைகளில் அமைப்பின் சார்பில் நுழைவதற்கான கார்ப்பாஸ் உரிமை, சமூக ஊடகக் கடவுச்சொல். சிஎல்ஜியில் இயக்குநர் மாறினால் 14 நாளுக்குள் அக்ராவில் பதிய வேண்டும். மறந்தால், எப்போதோ படிப்பை முடித்து மெல்பர்னில் வேலை பார்க்கும் ஒருவர் இன்னும் உங்கள் இயக்குநராகவே இருப்பார். ரசீதுகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே அவை யாருடைய சொந்தக் கணினியிலும் தங்கக் கூடாது.

தீபாவளிக்கு ஊழியர்களுக்கு 300 பிரியாணிப் பொட்டலம் கொடுக்கப்போகிறோம். என் மாமா லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கிறார், மலிவாகத் தருவார். தவறா?
(மாணவர், செங்காங்)

மாமாவிடம் வாங்குவது தவறில்லை. மாமா என்று சொல்லாமல் வாங்குவதுதான் தவறு. கூட்டம் தொடங்கும்போதே சொல்லுங்கள். வேறு இரண்டு கடைகளிலும் எழுத்தில் விலை வாங்கட்டும், ஆனால் விலை கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். முடிவெடுக்கும்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். நீங்கள் சொன்னது, வெளியே போனது, மூன்று விலைகள், எடுத்த முடிவு எல்லாம் குறிப்பில் வரட்டும். மாமா இனாமாகவே தந்தாலும் இதே முறைதான். அடுத்த ஆண்டு காசுக்கு வாங்கும்போது கேள்வி வராது.

நான் தஞ்சாவூரிலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். நானும் வாரியத்தில் இருக்கலாமா? அமைப்பின் சார்பில் ஹோங் லிம் பூங்கா நிகழ்ச்சிக்கு அழைக்கிறார்கள்.
(மாணவர், புக்கிட் பாத்தோக்)

இரண்டாவதற்கு முதலில் பதில்: போகாதீர்கள். அங்கே பொதுமக்கள் பேசவும் கூடவும் ஒதுக்கிய இடமான ஸ்பீக்கர்ஸ் கார்னரில் கூட்டங்களில் பங்கேற்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி. மாணவர் அனுமதி அட்டையில் இருப்பவர் பேசாமல் ஓரமாக நின்றாலும் பங்கேற்பாகக் கருதப்படலாம். வளாகத்திலும் கவனம் தேவை. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு நோக்கத்தை வலியுறுத்தி ஒரே ஆள் அட்டை பிடித்து நின்றாலும் அது கூட்டம்தான். பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது காவல்துறை அனுமதிக்கு மாற்று ஆகாது.

வாரியத்தைப் பொறுத்தவரை, சிஎல்ஜியில் இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். அறநிறுவனப் பதிவுக்குக் குறைந்தது மூன்று பேர் கொண்ட வாரியமும், அதில் இருவராவது குடிமக்களோ நிரந்தரவாசிகளோ ஆக இருப்பதும் தேவை. அந்த எண்ணிக்கை நிரம்பியிருந்தால் நீங்கள் சேரச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் அனுமதி அட்டையின் நிபந்தனை தனி விஷயம். சம்பளமில்லாப் பதவியானாலும் மாணவர் விவகார அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஊழியர்களுக்குத் தமிழில் படிவம் நிரப்பிக் கொடுங்கள், மொழிபெயர்த்துக் கொடுங்கள். அதற்கு ஆள் பஞ்சம் எப்போதும் உண்டு.

நன்கொடையை என் சொந்தப் பேநவ் (கைப்பேசிப் பணமாற்று) எண்ணிலேயே வாங்கிப் பிறகு மாற்றிவிடலாமா?
(பொருளாளர், சுவா சூ காங்)

வேண்டாம். அமைப்பின் பதிவு எண்ணான யுஇஎன்னில் பேநவ் வைத்துக்கொள்ளலாம். தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்கத் தனி உரிமம் தேவை. நிகழ்ச்சி நடத்தித் திரட்டினால் செலவு திரட்டியதில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது: 10,000 வெள்ளி வந்தால் மண்டபம், விளம்பரம் எல்லாம் சேர்த்து 3,000க்குள். தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ அனுப்பத் திரட்டுவதாக இருந்தால் அறநிறுவன ஆணையரின் அனுமதி முதலில். அப்படித் திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது, விலக்கு கேட்டுத்தான் பெற வேண்டும்.

கூட்டத்தில் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள், அண்ணன் அக்கா முறை. ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றாலும் தலையாட்டிவிடுகிறேன்.
(மாணவி, பொங்கோல்)

கூட்டத்தில் எழுந்து எதிர்ப்பதைவிட எளிய வழி, கூட்டத்துக்கு முன்பே பேசுவது. தாள்கள் ஒரு வாரம் முன்னதாகக் கைக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். படித்துவிட்டு, "அண்ணே, 4ஆம் பக்கத்துச் செலவு எனக்குப் புரியவில்லை" என்று தலைவருக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் வாக்கெடுப்பு கேளுங்கள். "எல்லாருக்கும் சரிதானே" என்று தாண்டிப் போகும் முடிவுக்கு நீங்களும் உடன்பட்டதாகவே குறிப்பு எழுதப்படும். எதிராக வாக்களித்தால் "என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா" என்று செயலாளரிடம் அங்கேயே சொல்லுங்கள். பிறகு வரைவுக் குறிப்பு வந்ததும் திறந்து பார்த்து, விட்டுப்போயிருந்தால் அடுத்த கூட்டத்தில் அதை உறுதி செய்யுமுன் திருத்தச் சொல்லுங்கள்.