லீட்கோடில் 320 கணக்கு போட்டாச்சு, நேர்காணலில் ஏன் தேறவில்லை?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கணினியியல் பட்டப்படிப்பு, கடைசி ஆண்டு. நிரல் எழுதிப் பழகும் இணையதளமான லீட்கோடில் 320 கணக்கு முடித்துவிட்டாராம். இரண்டு பெரிய நிறுவனங்களில் இணையத் தேர்வைத் தாண்டி நேர்காணல் வரை போயும், இரண்டிலும் எடுக்கவில்லை. "அக்கா, இன்னும் எத்தனை போடணும், 500 போதுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, 320 தாராளம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "விடை கிடைக்கும்வரை அமைதியாக யோசித்தேன், 20 நிமிடத்தில் பிடித்துவிட்டேன், ஆனால் எழுதி முடிக்க நேரம் போதவில்லை" என்று, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நாம் எல்லாரும் டென் இயர் சீரிஸ், அதாவது பழைய தேர்வுத்தாள் தொகுப்பு, போட்டு வளர்ந்த பிள்ளைகள். கேள்வியைப் பார், வாயை மூடு, விடையை எழுது. ஓ நிலைத் தேர்வுக்கு அது சரி. இங்கே எதிரில் இருப்பவர் விடைத்தாள் திருத்த வந்தவரில்லை, நீங்கள் யோசிப்பதைக் குறிப்பெடுக்க வந்தவர். கூகுள் போன்ற இடங்களில் அந்தக் குறிப்பை ஒரு தனிக் குழு படித்துத்தான் முடிவெடுக்கிறது, அவர்கள் உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 45 நிமிடத்தில் அறிமுகமும் கடைசியில் உங்கள் கேள்விகளும் போனால் மிச்சம் 35. அதில் 20 நிமிடம் நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் என்னத்தை எழுதுவார்?

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். எம்ஆர்டி ரயில் நிலையம் ஒன்றில் ஒவ்வொருவரும் அட்டையைத் தட்டி உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் தரப்பட்டிருக்கின்றன. ஒரே சமயத்தில் உள்ளே அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள்?

உடனே தட்டச்சு செய்யப் போகாதீர்கள். முதலில் கேளுங்கள்: ஒருவர் 8:10க்கு வெளியே வருகிறார், இன்னொருவர் அதே 8:10க்கு உள்ளே போகிறார், இருவரையும் சேர்த்து எண்ணணுமா? சில்லறைக் கேள்வி மாதிரி தெரியும். மூன்று பேரை வைத்துப் பாருங்கள்: 8:00–8:10, 8:05–8:20, 8:10–8:15. வெளியேறுபவரை முதலில் கழித்தால் விடை 2, நுழைபவரை முதலில் கூட்டினால் 3. கேட்காமல் எழுதியிருந்தால் பாதி வாய்ப்பில் தப்பான நிரலைத்தான் எழுதியிருப்பீர்கள்.

அப்புறம் மோசமான வழியையே முதலில் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். "ஒவ்வொருவரையும் மற்ற எல்லாரோடும் ஒப்பிடலாம், ஆனால் பத்து லட்சம் பேர் என்றால் லட்சம் கோடி ஒப்பீடு ஆகும், அது தாங்காது. நேரங்களை வரிசைப்படுத்தி, நுழைந்தால் ஒன்று கூட்டி, வெளியேறினால் ஒன்று கழித்துக்கொண்டே போனால் வரிசைப்படுத்தும் செலவு மட்டும்தான், ஏறக்குறைய நான்கு கோடி படிகளில் முடிந்துவிடும்." இப்படிச் சொல்லிவிட்டு, "இந்த வழியில் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தவறான பாதையில் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அங்கேயே ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். பேசாமல் இருப்பவருக்கு எப்படிக் கொடுப்பது?

எழுதி முடித்ததும் "முடிஞ்சுது" என்று கையைக் கட்டாமல், அந்த மூன்று பேரை வைத்து வரிக்கு வரி கையால் ஓட்டிக் காட்டுங்கள். அடுத்து "இன்னும் வேகமாக்க முடியுமா?" என்பார்கள். நேரம் நிமிடக் கணக்கில் என்றால் ஒரு நாளில் இருப்பதே 1440 நிமிடம், நிமிடத்துக்கு ஒன்றாக அத்தனை கட்டமுள்ள ஓர் அட்டவணை போதும், வரிசைப்படுத்தவே வேண்டாம். இது தோன்றாவிட்டாலும் குடி முழுகிவிடாது, அதுவரை யோசித்ததைச் சொல்லியிருந்தாலே போதும்.

என் முதல் நேர்காணலில் தெரிந்த கணக்கே வந்தது. மனப்பாடமாக ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டேன். "இங்கே ஏன் ஹேஷ் மேப்?" என்று நான் பயன்படுத்திய தரவு அமைப்பைப் பற்றி எதிரில் இருந்தவர் கேட்டார், திருதிருவென்று விழித்தேன். வேலை கிடைக்கவில்லை, சரிதான்.

அதனால் இனிப் புதுக் கணக்கு வேண்டாம். போட்ட 320இல் நாற்பதைப் பொறுக்கி, நண்பர் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, வாய்விட்டுப் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள், முதல் தடவை கேட்கக் கொடுமையாக இருக்கும். நம்ம ஊர் ஆங்கிலமான சிங்லிஷ் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு 'லா' வந்தால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் சிட்னியிலோ பெங்களூரிலோ இருக்கலாம், நம் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் அனுபவக் கேள்விகளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அமேசான் தன் 16 தலைமைத்துவக் கொள்கைகளை வைத்துத்தான் கேள்வியே கேட்கும். நம் பிள்ளைகள் அடக்கம் என்று நினைத்து "நாங்க செஞ்சோம், எங்க குழு பண்ணுச்சு" என்பார்கள். குழுவுக்கா வேலை? நீங்கள் என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள். தேசிய சேவையில் காவல் பணிப் பட்டியல் போட்டபோது வந்த சண்டையை நீங்கள் தீர்த்திருந்தால் அதுவே நல்ல கதை. முகாம் விவரம் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. பல நிறுவனங்களில் ஒருமுறை தேறாவிட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் திரும்ப விண்ணப்பிக்க முடியும். மனதில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு முதலில் போகாதீர்கள், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். தேதியைத் தள்ளிப்போட ஆள்சேர்ப்பவரிடம் கேட்டால், இரண்டு வாரம் பொதுவாகக் கொடுப்பார்கள்.