ஆயிரம் வாட் போர்டை நம்பலாமா? பவர் ஆம்ப்ளிஃபையர் கேள்வி–பதில்

கேள்வி: கடையில் “1000 வாட்” என்று சொல்லி மோனோ போர்டு ஒன்று கொடுத்தார்கள். அவுட்புட்டில் 5200–1943 (2SC5200, 2SA1943) பவர் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி இருக்கிறது. 50-0-50 (நடுவில் 0, இரு பக்கமும் 50 வோல்ட் ஏசி), 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஓட்டலாமா?

வேண்டாம். கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். 50 வோல்ட் ஏசியை 1.414 ஆல் பெருக்கினால் பக்கத்துக்கு 70 வோல்ட் டிசி. பாட்டு ஏறும்போது சப்ளை கொஞ்சம் இறங்கும், டிரான்சிஸ்டரிலும் சில வோல்ட் போகும். ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்சம் 60 வோல்ட் என்று வையுங்கள். 60 × 60 ஐ 8 ஆல் (4 ஓமின் இரு மடங்கு) வகுத்தால் 450 வாட். டிரான்ஸ்ஃபார்மரே மொத்தம் 500 விஏ (100 வோல்ட் × 5 ஆம்ப்) தான். ஆயிரம் வாட் எந்த வழியிலும் வராது.

வாட் குறைந்தால் யாருக்கும் ஆபத்தில்லை, சூடுதான் ஆளைக் கவிழ்க்கும். இதைப் போன்ற கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையரில் (அலையின் ஒரு பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் மறுபாதியை அதன் ஜோடியும் ஓட்டும் வகை) வெப்பத்தின் உச்சத்தைக் கண்டுபிடிக்க, ஒரு பக்க சப்ளை வோல்ட்டின் வர்க்கத்தை இரட்டித்து, 9.87 × ஓம் ஆல் வகுக்க வேண்டும். 70 வோல்ட்டுக்கும் 4 ஓமுக்கும் 248 வாட் வருகிறது. நான்கு டிரான்சிஸ்டருக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 62 வாட். 5200 டேட்டாஷீட்டில் 150 வாட் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். டிரான்சிஸ்டரின் உடம்பு 25 டிகிரியில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. 75 டிகிரி ஆனால் 90 வாட் மட்டுமே. மேலும் ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் அல்ல. வோல்ட்டும் கரண்ட்டும் முன்பின்னாகப் போகும்போது கணநேரச் சுமை இன்னும் பல மடங்கு ஏறும். 70 வோல்ட்டில் 4 ஓம் ஓட்ட குறைந்தது 4 ஜோடி வேண்டும், 5 இருந்தால் நல்லது. இந்த இரண்டு ஜோடி போர்டை 8 ஓமில் வீட்டு அளவுக்கு ஓட்டலாம். பந்தலில் மணிக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் 8 ஓமுக்கே 3 ஜோடி போடுங்கள். இதெல்லாம் அசல் டிரான்சிஸ்டர் என்ற நம்பிக்கையில் சொல்வது. சந்தையில் போலி 5200 நிறையவே உண்டு.

கேள்வி: இணையத்தில் கிடைத்த சர்க்யூட் ஒன்றைச் செய்ய ஆசை. சால்டர் வைக்கும் முன் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பயஸ் ப்ரிசெட் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பயஸ் என்பது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட்; ப்ரிசெட் என்பது அதைத் திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர். ப்ரிசெட்டின் நடுக்கால் தேய்ந்து தொடர்பு விடுவது சாதாரணமாக நடப்பது. பயஸை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் ப்ரிசெட் இருந்தால், தொடர்பு விட்டதும் பயஸ் குறையும். ஒலி கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். அதையே கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் போட்டிருந்தால் அந்த டிரான்சிஸ்டர் அணைந்து, பயஸ் முழுதாக ஏறி, அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் மொத்தமாகப் போய்விடும். ஒரே பாகம், ஒரே விலை, போட்ட இடம் மட்டும்தான் வேறு. ஒரு பாகம் செத்தால் அடுத்து என்ன ஆகும் என்று யோசித்து வரைந்தாரா என்பதை இந்த ஓரிடமே காட்டிவிடும்.

அடுத்து, அந்தப் பயஸ் டிரான்சிஸ்டர் அவுட்புட் டிரான்சிஸ்டர் இருக்கும் ஹீட் சிங்கிலேயே (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) உட்கார வேண்டும். போர்டின் நடுவில் தனியாக நிற்கும்படி இருந்தால் விட்டுவிடுங்கள். சூடு ஏற ஏறக் கரண்ட் ஏறும், கரண்ட் ஏற ஏறச் சூடு ஏறும், கடைசியில் புகைதான். 70 வோல்ட் சப்ளைக்கு 63 வோல்ட் கெபாசிட்டர் காட்டியிருந்தாலும் ஒதுக்குங்கள். வீட்டு லைனில் 250 வோல்ட் வரும் இரவில் அந்த 70, 76 ஆகிவிடும். அங்கே 100 வோல்ட் கெபாசிட்டர் வேண்டும். அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் தொடராக கிரவுண்டுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். ஓட்டத்தில் அந்த 10 ஓம் கருகினால் ஆம்ப்ளிஃபையர் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே அதிர்ந்து ஆசிலேட் ஆகிறது என்று பொருள். அதைவிடப் பெரிய வாட்டேஜ் ரெசிஸ்டர் மாட்டி மூடி மறைக்காதீர்கள்.

கேள்வி: ப்ளஸ், மைனஸ் இரண்டிலும் 10 ஆம்ப் ஃப்யூஸ் இருக்கிறது. ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் தனியாக வேண்டுமா?

வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 70 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கரில் ஏறும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவில்தான் இருக்கும். 70 ஐ 6 ஆல் வகுத்தால் 11.7 ஆம்ப். 10 ஆம்ப் ஃப்யூஸ் அதைச் சில நிமிடங்களுக்கு மேலும் தாங்கும். அதற்குள் வாய்ஸ் காயிலில் 800 வாட் வரை சூடேறி, கூம்பின் காகிதமே தீப்பிடிக்கலாம்.

டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் 1237 ஐசி போட்ட ரிலே போர்டு நல்லதுதான், ஆனால் ரிலேயை இணைக்கும் முறையில் பலர் தவறுகிறார்கள். சாதாரண ரிலேயின் மேல் 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி என்று எழுதியிருக்கும். 70 வோல்ட் டிசியைத் துண்டிக்கும்போது கான்டாக்ட் நடுவே தீப்பொறி நிற்காமல் எரிந்து, அதன் வழியே ஸ்பீக்கருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரை ரிலேயின் நடுக்காலான காமனில் கொடுங்கள். ஆம்ப்ளிஃபையர் அவுட்புட் நார்மலி ஓபன் காலில் (ரிலே அணைந்தால் காமனை விட்டு விலகுவது), நார்மலி குளோஸ்டு கால் (ரிலே அணைந்தால் காமனோடு சேர்வது) கிரவுண்டில். பொறி எரிந்தாலும் கரண்ட் கிரவுண்டுக்குப் போய் ஃப்யூஸைப் பறிக்கும், ஸ்பீக்கர் தப்பிக்கும்.

கேள்வி: முதல் முறை ஆன் செய்வது எப்படி?

சீரிஸ் லாம்ப் இல்லாமல் செய்யாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை ஃபேஸில் தொடராகப் போடுங்கள். எல்இடி பல்பு உதவாது. ஸ்பீக்கர் கழற்றி, இன்புட்டை ஷார்ட் செய்து, ப்ரிசெட் குறைந்த பயஸில் இருக்கட்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். பிறகு அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதன்பின் பல்பை எடுத்துவிட்டு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஒன்றின் மேல் 10 மில்லிவோல்ட், அதாவது 45 மில்லிஆம்ப், வரும்படி ப்ரிசெட்டை மெதுவாகத் திருப்புங்கள். 20 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். ஏறிக்கொண்டே போனால் பயஸ் டிரான்சிஸ்டர் சூட்டை உணரவில்லை.

கேள்வி: எர்த் வயரைக் கழற்றினால் ஸ்பீக்கரில் வரும் ஹம் (“ம்ம்” என்ற இரைச்சல்) நிற்கிறது. அப்படியே விடலாமா?

கூடவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போன அன்று பெட்டி முழுவதும் 230 வோல்ட். கேபிள் வழியே அது மைக் பிடித்துப் பாடுகிறவர் கைவரை போகும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தனி போல்ட் போட்டு சேஸியில் (உலோகப் பெட்டியில்) இறுக்குங்கள். ஆம்ப்ளிஃபையரின் 0 வோல்ட் கிரவுண்டை மட்டும் சேஸியிலிருந்து கொஞ்சம் பிரிக்கலாம். 35 ஆம்ப் பிரிட்ஜ் டையோடின் ப்ளஸ், மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு ஏசி காலை 0 வோல்ட்டிலும் மற்றதைச் சேஸியிலும் கொடுத்து, இணையாக 10 ஓம் 5 வாட் போடுங்கள். பெரும்பாலும் ஹம் அடங்கிவிடும்.

கேள்வி: 7294 (TDA7294) ஆம்ப்ளிஃபையர் ஐசி போர்டின் ஹீட் சிங்கில் மைனஸ் 35 வோல்ட் காட்டுகிறது. பழுதா?

பழுதில்லை. அந்த ஐசியின் முதுகு உள்ளேயே மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. நடுவே கரண்ட் கடத்தாத மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு, மீட்டரில் பீப் வரவில்லை என்று பார்த்த பிறகே சேஸியோடு சேருங்கள். 5200 க்கும் முதுகு கலெக்டர்தான்.

கேள்வி: ஆஃப் செய்து எவ்வளவு நேரத்தில் உள்ளே கை வைக்கலாம்?

ஆஃப் செய்த பின்னும் சப்ளை கெபாசிட்டர்களில் ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 140 வோல்ட் நிற்கிறது, உயிரைப் பறிக்கப் போதும். பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் என்றால் ஒவ்வொன்றின் குறுக்கே 2.2 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாகப் போடுங்கள். 45 விநாடியில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். அந்த ரெசிஸ்டரும் ஓபன் ஆகலாம், அதனால் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். கெபாசிட்டரும் கெடும், தெறிக்கும் உலோகம் கண்ணிலும் படும்.