மண்ணெண்ணெய் பாய்லருடன் விறகு ஸ்டவ்வை இணைக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் அயர்லாந்தில் மேயோ கவுண்டியில் செவிலியர்களாக வேலை பார்க்கிறோம். 1998இல் கட்டிய எங்கள் வீட்டின் சென்ட்ரல் ஹீட்டிங், ஆண்டுக்கு 1,500 லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கிறது. கடைசியாக லிட்டர் 1 யூரோவுக்கு வாங்கினோம். 2025 ஜனவரியில் எயோவின் புயல் அடித்தபோது பல நாள் மின்சாரமில்லாமல் குளிரில் கிடந்தோம். ஆகவே அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர் தரும் விறகு ஸ்டவ் ஒன்றை இப்போதுள்ள பாய்லருடன் இணைக்க விரும்புகிறோம். இணைப்புக்கு 7,800 யூரோவும், அறையை மட்டும் சூடாக்கும் சாதாரண ஸ்டவ்வுக்கு 3,200 யூரோவும் கேட்கிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர், விழுந்த மரங்களை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 8 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடன் எடுக்கலாமா?

பதில்: சகோதரி, இந்த இணைப்புக்காகக் கடன் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்பதை உங்கள் கணக்கைக் கொண்டே சொல்கிறேன்.

எரிபொருளை லிட்டரிலோ டன்னிலோ ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) வெப்பத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. உங்கள் பாய்லர் அதில் 85 சதவீதத்தைத் தருவதாகக் கொண்டால் 8.5 யூனிட், அதாவது யூனிட்டுக்கு 12 சென்ட். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் கொண்டது. நல்ல ஸ்டவ்வில் எரித்தால் 3 யூனிட் பயனாகும். சூளையில் உலர்த்திய விறகை டன் 400 யூரோவுக்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு 13 சென்ட்டுக்கு மேல் ஆகிறது. விலைக்கு வாங்கும் விறகு, எண்ணெயைவிட மலிவானதே அல்ல.

எனவே எல்லாம் அந்த இலவச மரத்தைப் பொறுத்தது. குளிர்காலத்தில் 150 இரவுகள், தினமும் நான்கு மணி நேரம், 9 கிலோவாட் வெப்பம் என்று கணக்கிட்டால் 5,400 யூனிட் கிடைக்கும். அது 635 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். புகைபோக்கியைச் சுத்தம் செய்வதற்கும் மரம் அறுப்பதற்கும் 100 யூரோ கழித்தால் ஆண்டுக்கு 535 யூரோ மிச்சம், முதலீடு திரும்ப 14 ஆண்டுகளுக்கு மேல். கடனுக்கோ மாதம் 158 யூரோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 யூரோ கட்ட வேண்டியிருக்கும். ஐந்தாண்டில் வட்டி மட்டும் 1,700 யூரோவை நெருங்கும். பண்ணைக்காரரின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு 1.8 டன் காய்ந்த விறகை 14 ஆண்டுகள் தொடர்ந்து தர அவரால் முடியுமா என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். இன்று வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். காற்றோட்டமான கூரையின் கீழ் ஓரிரு ஆண்டுகள் காய்ந்து, ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே அது எரிக்கத் தகுந்தது. முதல் குளிர்காலத்தில் நீங்கள் விறகை விலைக்குத்தான் வாங்குவீர்கள்.

எண்ணெய் விலை ஏறுமே என்பீர்கள், உண்மைதான். எரிபொருள் வெளியிடும் கரியமில வாயுவுக்கான கார்பன் வரி 2030இல் அவ்வாயுவின் டன்னுக்கு 100 யூரோவை எட்டும் வகையில் ஆண்டுதோறும் 7.50 யூரோ அளவில் உயர்கிறது, விறகுக்கு அவ்வரி கிடையாது. ஆயினும் ஒவ்வொரு உயர்வும் லிட்டருக்கு, 13.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்த்து, 2 சென்ட் அளவுதான். உங்கள் 1,500 லிட்டருக்கு 30 யூரோ சொச்சம்.

மின்தடைதான் உங்கள் உண்மையான கவலை என்று தோன்றுகிறது. அந்தப் புயலில் 7,68,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால் மின்சாரம் போனால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப்பும் நின்றுவிடும். எண்ணெய் பாய்லரைப் போல விறகு நெருப்பைப் பொத்தானை அழுத்தி அணைக்க முடியாது. தண்ணீர் கொதிக்காமலிருக்க, பம்ப் இல்லாமலே சூடு மேலேறிச் செல்லும் குழாய்ச் சுற்றும், எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு ரேடியேட்டரும் அவசியம். உங்கள் எண்ணெய் அமைப்பு அழுத்தம் ஏற்றி மூடிய வகையாக இருந்தால், திறந்த தொட்டியுடன் இயங்கும் ஸ்டவ் சுற்றை அதனுடன் நேரடியாகச் சேர்க்கவே கூடாது. இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் வெப்பமாற்றி ஒன்று நடுவில் வேண்டும். உங்களுக்குச் சொன்ன விலையில் இவையெல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். 3,200 யூரோ ஸ்டவ்வுக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை. மின்சாரமே இல்லாத இரவிலும் வீட்டில் ஓர் அறையாவது வெதுவெதுப்பாக இருக்கும். சேமிப்பிலிருந்து அதை வாங்க முடிந்தால் வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வெளிக்காற்றுத் துளையும் இல்லாமல் ஒரு நாள்கூட எரிக்காதீர்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னதாக வீட்டின் கூரையடி வெப்பக்காப்பையும் ஹீட்டிங் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பாருங்கள். 2011க்கு முன் கட்டிய வீடுகளுக்கு எஸ்.இ.ஏ.ஐ. என்ற அயர்லாந்து அரசின் எரிசக்தி அமைப்பு இவற்றுக்கு மானியம் தருகிறது. விறகு ஸ்டவ்வுக்குத் தருவதில்லை. மானியத்துக்கான ஒப்புதல் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடைக்காது.